குப்பிக்குள் யானை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர், எந்த நாடு என்று என்னைக் கேட்க வேண்டாம். ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ராஜாவின் பெயரை மட்டும் சொல்கிறேன்: உத்தண்டவர்மர். நல்ல மனிதர்தான். அளவுக்கு மீறி வரி போட மாட்டார். கோயில் காரியத்தில் குறை வைக்க மாட்டார். மழை தவறினால் மட்டும் மந்திரிகளைத் திட்டுவார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கிறுக்கு, வாசனைக் கிறுக்கு.

அதுவும் பிறவியிலேயே வந்ததில்லை. மூன்று வருஷமாகத்தான். முதலில் சந்தனம், பிறகு ஜவ்வாது, பிறகு புனுகு, பிறகு கஸ்தூரி என்று ஏறிக்கொண்டே போயிற்று. போன மாதம் வாங்கியதைவிட இந்த மாதம் வாங்குவது விலை கூடியதாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவருடைய கணக்கு. மலிவான அத்தரைக் கொண்டுவந்த வியாபாரியை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். ராஜா பூசுவதைச் சபையாரும் பூசினார்கள். சபைக்குள் நுழைகிறவன் முதலில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் வணக்கம் சொல்ல முடியும் என்ற நிலைமை வந்துவிட்டது.

இதில் ஒரு சம்பிரதாயமும் உண்டு. சாமிக்குப் போகிற பூவை நாம் முகர்ந்து பார்ப்பதில்லை அல்லவா, அதே மரியாதை ராஜாவின் அத்தருக்கும் இருந்தது. அவர் முகர்வதற்கு முன் யாரும் முகரக் கூடாது. அவர் முகர்ந்து “ஆஹா” என்று சொல்லிவிட்டால் அப்புறம் வேறு யாரும் முகர வேண்டிய அவசியமே இல்லை. ஆகமொத்தம், அந்த ராஜ்யத்துக்குள் வரும் விலையுயர்ந்த வாசனைகளையெல்லாம் சோதித்துப் பார்க்க இருந்தது ஒரே ஒரு மூக்கு.

அந்தச் சபையில் விகடராக இருந்தவன் தாண்டவன். ஒல்லியான ஆள், பெரிய காது, எதையும் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் புத்தி. “தலையை வெட்டிவிடுவேன்” என்று ராஜா ஒருதரம் கோபத்தில் கத்தியபோது, நாவிதரை அழைத்துவந்து “முடியிலிருந்து ஆரம்பிக்கட்டும், மகாராஜா” என்று உட்கார்ந்தவன். ராஜாவுக்கு அவனைப் பிடிக்கும். அதனாலேயே மற்றவர்களுக்குப் பிடிக்காது. குறிப்பாகப் பிரதானி அனந்தப்பருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

பிரதானிக்கு ஆகாத இன்னொரு ஜீவனும் உண்டு. அரண்மனை யானைக் கொட்டிலில் இருந்த முத்துக்கருப்பன். கொட்டிலுக்கும் பிரதானியின் வாழைத்தோட்டத்துக்கும் நடுவே ஒரே ஒரு மதில். முத்துக்கருப்பனுக்குத் துதிக்கை நீளம். குலை தள்ளிய வாழையாகப் பார்த்து, அதுவும் பழுக்கிற பக்குவம் பார்த்து, சரியாக ஒருநாள் முன்னதாக இழுத்துவிடும். ஏழு வருஷமாகப் பிரதானி தன் தோட்டத்துப் பழத்தைத் தின்றதில்லை. மதிலை உயர்த்தினார். யானையும் வளர்ந்தது.

இந்த நிலையில்தான் காசிம் மரைக்காயர் என்ற கடல் வியாபாரி வந்து சேர்ந்தார். அவரிடம் அம்பர் அத்தர் இருந்தது. அம்பர் என்பது திமிங்கிலத்தின் வயிற்றில் விளைந்து, கடலில் வருஷக்கணக்கில் மிதந்து, கரையில் ஒதுங்குகிற ஒரு கட்டி. கண்டெடுப்பவனுக்கு அதிர்ஷ்டம் என்பார்கள். அதைக் காய்ச்சி இறக்கிய அத்தர், கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பியில், பட்டுச் சுருக்குப்பைக்குள் இருந்தது. குப்பியின் வாயைச் சிவப்பு அரக்கு வைத்து மூடியிருந்தார்கள்.

சபையில் மரைக்காயர் பையை நீட்டி, “ராசா, இதுக்கு வெல...” என்று ஆரம்பித்தார். அதற்குள் பிரதானி எழுந்துவிட்டார்.

“மகாராஜா, விலையை அடியேன் சுங்கச் சாவடியிலேயே பேசி முடித்துவிட்டேன். இதற்கு விலை பொன்னில் இல்லை. ஒரு யானை.”

மரைக்காயர் வாயைத் திறந்தார். பிரதானி அவரைத் திரும்பிப் பார்த்தார். மரைக்காயர் வாயை மூடிக்கொண்டார்.

ராஜாவின் முகம் மலர்ந்துபோயிற்று. இதுவரை அவர் எதையும் யானை விலைக்கு வாங்கியதில்லை. எட்டிப் பையை வாங்கி, குப்பியின் கழுத்தை வெளியே இழுத்து, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி, ஒரு மூச்சு நீளமாக இழுத்தார்.

“ஆஹா. இந்திரலோகம்.”

“இந்திரலோகமேதான்” என்றார் பிரதானி. “கற்பகப் பூவும் இதற்குக் கைகட்டி நிற்கும்” என்றார் ஆஸ்தான கவிராயர் முத்தானந்தர். “இங்கே நிற்கும்போதே எனக்கு வருகிறது” என்றார் தூணோரம் நின்றிருந்த சேனாதிபதி.

சிம்மாசனத்தின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த தாண்டவனுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் அவன் கண் குப்பியின் வாயில் இருந்தது. அரக்கு உடையவே இல்லை.

அவனுக்கு ஒரு நொடி சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நொடி அது அடங்கிப்போயிற்று. போன ஆடியில் அரண்மனைச் சமையல்கட்டில் தீப்பிடித்து ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியபோது, கடைசியாகத் திரும்பிப் பார்த்தவர் இந்த ராஜாதான். தீய்ந்த பொங்கலை “இன்று பிரமாதம்” என்று சாப்பிட்டவரும் இவர்தான். எல்லாம் ராஜா விஷக்காய்ச்சலில் கிடந்து எழுந்த பிறகு, மூன்று வருஷமாக. ராஜாவுக்கு வாசனை தெரியாது. விலைதான் அவருக்கு மூக்காக இருந்திருக்கிறது. 

“எந்த யானை?” என்று கேட்டார் ராஜா.

“பட்டத்து யானையைக் கொடுக்க யாருக்கு மனம் வரும், மகாராஜா? முத்துக்கருப்பன் போதும். போன யுத்தத்தில் பின்னங்காலில் அடிபட்டதிலிருந்து அது விந்தி விந்தித்தான் நடக்கிறது” என்றார் பிரதானி, மிகுந்த இரக்கத்தோடு.

தாண்டவன் எழுந்துவிட்டான். விகடம் பண்ண எழுந்தவன் மாதிரித்தான் தெரிந்தது. 

“மகாராஜா, அடியேனுக்கு ஒரு சின்னச் சந்தேகம். இந்தப் பக்கம் வாசனை, அந்தப் பக்கம் யானை. இரண்டும் சரிக்குச் சரிதானா என்று யார் பார்த்தார்கள்?”

பிரதானி இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். “மகாராஜா ‘ஆஹா’ என்று சொன்ன பிறகும் விகடருக்குச் சந்தேகம். தகாது என்றால் மகாராஜாவின் மூக்கைக் குறை சொன்னதாகும். தகும் என்றால் யானையை அவிழ்த்துவிட வேண்டியதுதான். எது என்று அவரே சொல்லட்டும். வாயால் சொன்னால் விகடம் என்று போய்விடும். தராசில் நிறுத்தே காட்டட்டும்.”

ராஜாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. “சரியான பேச்சு. தாண்டவா, நாளைக் காலை துலாபாரத் தராசை முற்றத்தில் வைக்கச் சொல்கிறேன். ஒரு தட்டில் இந்த வாசனை, மறு தட்டில் யானை. தகுமா தகாதா என்று நிறுத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் யானை போகும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நீயும் போகலாம். நிறுக்கப் போகிறவனிடமே குப்பியைக் கொடுங்கள்.”

சபை சிரித்தது. தாண்டவன் குப்பியை மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

நேரே கொட்டிலுக்குத்தான் போனான். அவனுக்குப் போக வேறு இடமில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்தபோது, அடைமழையில் ஒதுங்க இடமில்லாமல் இதே கொட்டிலில் பத்து நாள் கிடந்தான். முத்துக்கருப்பனின் கவளத்தில் பாகன் வீரணன் கிள்ளிக் கொடுத்ததைத் தின்றுதான் உயிரோடு இருந்தான். பத்தாம் நாள் அந்தப் பக்கமாக வந்த ராஜாவைச் சிரிக்க வைத்ததும் அங்கேதான். அன்று ராஜா தம் கையாலேயே அவனுக்குச் சோறு போட்டார். அதனால் அவனுக்கு யானை மேலும் கோபப்பட முடியாது, ராஜா மேலும் கோபப்பட முடியாது. அதுதான் இப்போது அவனுடைய கஷ்டம்.

முத்துக்கருப்பன் வழக்கம்போல் அவன் மடியைத் துழாவியது. வெல்லம் இல்லை, குப்பி இருந்தது. அரக்கைத் துதிக்கை நுனியால் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. மூடிய குப்பியில் ஒன்றும் தெரியாது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

“இதுதானா எனக்குக் கெடச்ச யான?” என்று பின்னால் ஒரு குரல். மரைக்காயர் நின்றிருந்தார். யானையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். “ஏம்ப்பா பாகா, இது ஒக்காருமா?”

“சொன்னா ஒக்காரும் மொதலாளி. ஏன்?” என்றார் வீரணன்.

“ஒக்காந்தாலும் என் தோணில எடம் பத்தாதே.” மரைக்காயர் தலைத்துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வெகடரே, நான் யானையா கேட்டேன்? பன்னெண்டு மூட்ட மொளகு கேட்டேன். நல்ல சரக்கு, நாயமான வெல. ஒங்க பிரதானிதான், மொளகுன்னா ராசா கண்ணெடுத்தும் பாக்க மாட்டாரு, நீ வாயத் தொறக்காத, ஒனக்கு மொளகு வந்து சேரும்னாரு.”

“யானை?”

“அத மலைக்கு, மரம் இழுக்குற குத்தகைக்காரனுக்குப் பேசி வெச்சிருக்காராம். நாளைக்கு சாயங்காலம் ஆளு வருதாம்.”

 வீரணன் யானையின் பின்னங்காலைப் போய்த் தொட்டுக்கொண்டு நின்றார். அந்தக் காலோடு மலையில் மரம் இழுத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

மரைக்காயர் குரலைத் தாழ்த்தினார். “இன்னொரு சேதி. ஒங்க ராசா மூடியத் தொறக்காமலே மோந்தாரு. முப்பது வருசமா ஏவாரம் பண்றேன். என் சரக்கு அரக்குக்கு வெளிய வந்து மணந்தத இன்னிக்குத்தான் பாத்தேன்.”

“அதை நீங்கள் பார்க்கவில்லை, மரைக்காயரே” என்றான் தாண்டவன்.

மரைக்காயர் அவன் முகத்தைப் பார்த்தார். “பாக்கல” என்றார்.

தாண்டவன் கொட்டில் தூணில் சாய்ந்து யோசித்துக்கொண்டிருந்தான். அப்போது எங்கிருந்தோ ஒரு நெடி வந்து மூக்கைத் தாக்கியது. கூரை எரவாணத்தில் ஒரு பழைய துணிச்சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. “அது என்ன வீரணா?”

“போன மாசம் இவனுக்கு மதம் வடிஞ்சுதில்ல, அப்ப கன்னத்தத் தொடச்ச துணிங்க. குடியானவங்க கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. வரப்புல ஒரு துண்டு கட்டி வெச்சா காட்டுப்பன்னி அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது.”

தாண்டவன் மெதுவாக நிமிர்ந்தான். அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவன் காதுகள் இரண்டும் சிரிப்பில் பின்னால் போயின. “மரைக்காயரே, இதே மாதிரி காலிக் குப்பி ஒன்று உங்களிடம் இருக்குமா? வீரணா, கொஞ்சம் சந்தன எண்ணெய் வேண்டும்.”

மறுநாள் காலை முற்றத்தில் துலாபாரத் தராசு நின்றது. பக்கத்தில் முத்துக்கருப்பன், நெற்றியில் நாமமும் கழுத்தில் மணியுமாக. மதிலுக்கு அந்தப் பக்கம் எந்தக் குலை எந்த நிலையில் இருக்கிறது என்ற நினைப்போடு துதிக்கையை ஆட்டிக்கொண்டிருந்தது. மேல்படியில் சிம்மாசனத்தில் ராஜா; கீழ்ப்படிகளில் சபையார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்; மரைக்காயர் ஓரமாக நின்றிருந்தார்.

தாண்டவன் மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தான். மூடியைத் திறந்து, ராஜா பக்கம் திரும்பி வணங்கினான். ராஜாவின் விரல்கள் சிம்மாசனக் கையை இறுகப் பிடித்ததைக் கவனித்தான்.

“மகாராஜா தம் அபிப்பிராயத்தை நேற்றே அருளிவிட்டார்கள். திரும்பவும் சிரமம் கொடுக்க மாட்டேன். இன்று சபையோர் முறை. இந்தக் குப்பியை ஒவ்வொருவராக முகர்ந்து, இதில் உள்ள வாசனை ஒரு யானைக்குத் தகுமா என்று மட்டும் சொன்னால் போதும்.”

ராஜாவின் விரல்கள் தளர்ந்தன. “அப்படியே ஆகட்டும்” என்றார்.

முதலில் பிரதானி. குப்பியை மூக்கில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னால் ஒரு அடி சரிந்தார். ஆனால் மகாராஜா நேற்று “இந்திரலோகம்” என்று சொல்லியாயிற்று. மேலும் மலையிலிருந்து ஆள் சாயங்காலம் வந்துவிடும்.

“அடடா, ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது” என்றார். “ஒரு யானைக்கா? தாராளமாகத் தகும்.”

கவிராயர் முகர்ந்தார். விழுங்கினார். இன்னொரு தரமும் விழுங்கினார். “இது சாதாரண மூக்குகளுக்குப் புரியாது. இதில் ஆழ்கடலின் கம்பீரம் இருக்கிறது. பாற்கடலைக் கடைந்தபோது முதலில் வந்தது இந்த மணம்தான். தகும், தகும்.” பாற்கடலில் முதலில் வந்தது விஷம் என்பது அவருக்கு நினைவில்லை போலும்.

சேனாதிபதி மூன்று தும்மல் தும்மினார். “வீரியமான சரக்கு” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “எதிரி முகர்ந்தால் திரும்பிப் பார்க்காமல் ஓடுவான். தகும்.” அன்று சபையில் உண்மைக்கு மிக அருகில் வந்தவர் அவர்தான்.

இப்படியே கடைசி வரிசை வரை குப்பி போய்த் திரும்பியது. தகாது என்று ஒருவர் சொல்லவில்லை. தாண்டவன் குப்பியை வாங்கித் தராசின் ஒரு தட்டில் வைத்தான். தட்டு கொஞ்சம் இறங்கியது.

“மறு தட்டில் யானையை ஏற்று” என்றார் ராஜா.

“ஏற்ற வேண்டியதில்லை, மகாராஜா. யானை இந்தக் குப்பிக்குள்தான் இருக்கிறது.”

பிரதானி சிரித்தார். “புத்தி பேதலித்துவிட்டது.”

“வீரணா, குப்பியில் என்ன இருக்கிறது என்று மகாராஜாவுக்குச் சொல்.”

வீரணன் கைகட்டி முன்னால் வந்தார். “போன மாசம் இவனுக்கு மதம் வடிஞ்சுது மகாராசா. கன்னத்தத் தொடச்ச துணியச் சந்தன எண்ணெயில ஊறப் போட்டுப் பிழிஞ்சது. வேற ஒண்ணும் சேக்கல.”

“அந்தத் துணியைப் பொதுவாக என்ன செய்வீர்கள்?” என்று தாண்டவன் கேட்டான்.

“வயக்காட்டுல கட்டுவாங்க. பன்னி வெரட்ட.”

 வாசல் காவலாளி ஒருவன் ஈட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி நின்றான். அவன் தோள் குலுங்கியது. கவிராயர் உத்தரியத்தால் மெதுவாக மூக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

“கவிராயர் வருத்தப்பட வேண்டாம்” என்றான் தாண்டவன். “போன விஜயதசமியன்று முத்துக்கருப்பனின் மதநீரை முகர்ந்த வண்டுகள் தாமரையை விட்டுவிட்டு வந்து விழுந்தன என்று பாடி, சால்வை வாங்கினீர்களே. நாங்கள் கற்பனை என்று நினைத்தோம். உண்மை என்று இன்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து வருவது உயர்த்தி, யானையின் கன்னத்திலிருந்து வருவது மட்டமா என்ன?”

பிறகு ராஜா பக்கம் திரும்பினான். “மகாராஜா, நிறுத்தாயிற்று. இந்த வாசனைக் குப்பி ஒன்று ஒரு யானைக்குத் தகும் என்று சபையே ஒரே வாயாகச் சொல்லிவிட்டது. முத்துக்கருப்பன் ஒரு மதத்துக்கு நாலு குப்பி தரும். அப்படியென்றால் அது ஒரு யானை இல்லை, நாலு யானை. அடுத்த வருஷம் எட்டு. ஒரு குப்பிக்காக இத்தனை யானைகளை ஒரே கயிற்றில் கட்டி அனுப்பலாமா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.”

பிரதானிக்கு முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. “மோசடி, மகாராஜா. இவன் சபையை ஏமாற்றிவிட்டான். இது அந்தக் குப்பியே இல்லை. நேற்று மகாராஜா முகர்ந்து ‘இந்திரலோகம்’ என்றார்களே, அந்தக் குப்பி எங்கே? அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.”

“இது அம்பர் என்று நான் எங்கே சொன்னேன், பிரதானியாரே? குப்பி என்றுதானே சொன்னேன். மகாராஜா நேற்று முகர்ந்த குப்பி இதோ இருக்கிறது.”

தாண்டவன் பட்டுப் பையை எடுத்தான். அவனுக்கு அதை வெளியே எடுக்க ஆசையே இல்லை. பிரதானியே கேட்ட பிறகு வழியும் இல்லை. குப்பியை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். காலை வெயிலில் அரக்கு செக்கச்செவேல் என்று, முழுசாக, முத்திரை அழியாமல் இருந்தது.

எல்லோரும் அரக்கைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, ராஜாவைப் பார்த்தார்கள். பிரதானிக்குத் தாம் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. ராஜாவின் முகத்தில் ரத்தமே இல்லை. திருவிழாக் கூட்டத்தில் வேட்டி அவிழ்ந்த மனிதர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தாண்டவன் அந்த முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு ஊர் முழுக்கச் சிரிக்கும். வாழ்நாளில் அதைவிடப் பெரிய விகடம் அவனுக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் அடைமழையில் சோறு போட்ட கை அது. அவன் தரையில் விழுந்து வணங்கினான்.

“மகாராஜா, அடியேனுக்கு நேற்றே புரிந்துவிட்டது. அரக்கு உடைக்காத குப்பியை மூக்கில் வைத்து ‘ஆஹா’ என்றீர்கள். பரீட்சை அத்தருக்கு இல்லை, எங்கள் நாக்குக்கு. எங்களில் ஒருவன்கூட, மூடி திறக்கவில்லையே என்று சொல்லவில்லை. அடியேனும் சொல்லவில்லை. தண்டனை எதுவானாலும் என்னிலிருந்து ஆரம்பியுங்கள்.”

ராஜாக்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்துவிட்டால் போதும், தாமாகவே நடந்து போய்விடுவார்கள். உத்தண்டவர்மர் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார். நிறம் திரும்பியது.

“அரை நாழிகையில் ஒருவராவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்” என்றார் கம்பீரமாக. “ஒரு நாள் முழுக்கக் காக்க வைத்துவிட்டீர்கள். சேனாதிபதி, உமக்கு நின்ற இடத்திலேயே வாசனை வந்ததே. இப்போது வருகிறதா?”

சேனாதிபதி தரையைப் பார்த்தார்.

“மரைக்காயரே, உண்மையில் நீர் என்ன விலை கேட்டீர்?”

மரைக்காயருக்கு ஒரு நாளாக வாய்க்குள் அடைத்து வைத்திருந்தது கொட்டிவிட்டது. “பன்னெண்டு மூட்ட மொளகு, ராசா. யான நான் கேக்கவே இல்ல. மலைக்குப் போற யானைக்கும் எனக்கும் சம்பந்தமும் இல்ல.”

ராஜா பிரதானியை வெகுநேரம் பார்த்தார்.  சபையைக் கலைத்துவிட்டு, தாண்டவனையும் மரைக்காயரையும் மட்டும் நிற்கச் சொல்லி, படியிறங்கி முற்றத்துக்கு வந்தார். யானையின் நிழலில் நின்றதும் அவருடைய கம்பீரமெல்லாம் இறங்கிப்போயிற்று.

“மூன்று வருஷம் ஆயிற்று, தாண்டவா” என்றார். “அந்தக் காய்ச்சலோடு போயிற்று. மல்லிகை இல்லை, மழை மண் இல்லை, சோறு வேகிற மணம் இல்லை. வைத்தியரிடம்கூடச் சொல்லவில்லை. மூக்கில்லாத ராஜா என்று சிரிப்பார்களே. விலை கூடக் கூட ஏதாவது ஒன்று ஒருநாள் உள்ளே போய்விடும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.”

  மரைக்காயர் தாண்டவனிடமிருந்து குப்பியை வாங்கி, அரக்கை நகத்தால் பெயர்த்து, ராஜாவின் மணிக்கட்டில் ஒரே ஒரு சொட்டு வைத்தார்.

“எப்படி இருக்கிறது? புகழாமல் சொல்” என்று ராஜா தாண்டவனிடம் கேட்டார்.

தாண்டவன் குனிந்து முகர்ந்தான். “முதலில் கொஞ்சம் மாட்டுத் தொழுவம், மகாராஜா. அப்புறம் உப்புக் காற்று. இப்போது வேறே மாதிரி வருகிறது. மத்தியானத்தில் பிரகாரத்துக் கல் சுட்டு, பக்கத்தில் யாரோ வெல்லம் காய்ச்சினால் எப்படி இருக்கும், அப்படி. போகப்போக நன்றாக ஆகிக்கொண்டே போகிறது.”

அப்போது முத்துக்கருப்பன் துதிக்கையை நீட்டியது. ராஜாவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, நுனியை அந்தச் சொட்டின் மேல் வைத்து, நீளமாக மூச்சு இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது. கையை விடவே இல்லை. ராஜா இழுத்துப் பார்த்தார், அது விடுவதாக இல்லை. வெதுவெதுப்பான மூச்சு தோளுக்குள் வரை போய்க் கிச்சுகிச்சு மூட்டியது. உத்தண்டவர்மர் சிரித்தார். சபையில் சிரிக்கிற சிரிப்பில்லை. வயிறு குலுங்கி, கண்ணில் நீர் வந்து, மூன்று வருஷச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்.

“நல்ல சரக்குதான் போலிருக்கிறது” என்றார் மூச்சு வாங்க. “தாண்டவா, இப்போது சொல். விலை தகுமா?”

“பன்னிரண்டு மூட்டை மிளகுக்குத் தகும், மகாராஜா. யானைக்குத் தகாது.”

மரைக்காயருக்குப் பதின்மூன்று மூட்டை மிளகு போயிற்று. தாண்டவனுக்கு ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். அன்று மாலையே ஓர் உத்தரவும் பிறந்தது. இனிமேல் அரண்மனைக்கு வரும் வாசனைப் பொருள் எதுவானாலும் முதலில் முகர்ந்து பார்க்கும் வாசனை அதிகாரி, முத்துக்கருப்பன். அதிகாரி என்றால் மானியம் வேண்டும். கொட்டிலை ஒட்டிய வாழைத்தோட்டம் மானியமாக எழுதப்பட்டது. தோட்டத்தைப் பராமரித்து, அதிகாரிக்கு நாள் தவறாமல் பழம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு பிரதானி அனந்தப்பருக்கு.

மலையிலிருந்து வந்த ஆள் அன்றைக்கே வெறுங்கையோடு திரும்பிப் போனான். மறுநாள் காலை பிரதானி ஒரு குலையை வெட்டிச் சுமந்துகொண்டு கொட்டில் வாசலுக்கு வந்தார். அரசாங்க அதிகாரி என்பதால் முறைப்படி கும்பிட்டுவிட்டு நீட்டினார். வீரணனும் தாண்டவனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துக்கருப்பன் குலையை வாங்கி, ஒரு சீப்பை நன்றாக முகர்ந்து பார்த்தது. பிறகு, தோட்டமே தன்னுடையதான பின் முந்திக்கொள்ள வேண்டியதில்லை, பழுக்க இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று, அதைப் பிரதானியின் கையிலேயே திருப்பி வைத்தது.